வீட்டுத் தரைக்கடியில் ரேடான்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1984 டிசம்பர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமெரிக் அணுமின் நிலையத்தின் கட்டுமானம் முடியும் தறுவாயில் இருந்தது. அங்கே வேலை செய்பவர்கள் கதிரியக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி பொருத்திய வாயிலைக் கடந்துதான் வெளியேற வேண்டும். ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் அந்த வாயிலுக்குள் கால் வைத்த போதெல்லாம் எச்சரிக்கை ஒலி எழுந்தது. நிலையத்தின் எந்த மூலையில் அவர்மீது கதிரியக்கம் படிந்தது என்று தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. உலையோ இன்னும் மின்சாரம் தரத் தொடங்கவே இல்லை. ஒரு நாள் காலை வேலைக்கு வந்ததும், உள்ளே எங்கும் போகாமல், நேராக அந்த வாயில் வழியே நடந்து பார்த்தார். அப்போதும் ஒலித்தது. அவர் கதிரியக்கத்தைச் சுமந்து வந்தது தன் வீட்டிலிருந்து.

பாயர்டவுன் ஊருக்கு அருகே இருந்த அந்த வீட்டின் காற்றை அளந்தார்கள். ரேடான் என்ற கதிரியக்க வாயு ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 2,700 பிக்கோகியூரி இருந்தது. இன்று உலகின் பல நாடுகளில் புழங்கும் அலகில் சொன்னால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 1 லட்சம் பெக்கரல். அதாவது, ஒரு கன மீட்டர் காற்றுக்குள் ஒவ்வொரு நொடியும் 1 லட்சம் ரேடான் அணுக்கள் சிதைந்துகொண்டிருந்தன. உலக வீடுகளின் சராசரி இதே அலகில் 40 அளவில்தான் இருக்கிறது. 2009இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கையேடு, வீட்டுக்குள் 100ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. அது முடியாத நாடுகளிலும் 300ஐ மீறக் கூடாது என்கிறது. வாட்ரஸ் குடும்பம் சில வாரங்களில் வீட்டைக் காலி செய்தது. வீட்டைச் சீர்செய்யும் பணி மாதக்கணக்கில் நடந்தது. அளவு பாதுகாப்பான நிலைக்கு இறங்கிய பிறகு அவர்கள் அதே வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள்.

அந்த வீட்டுக்கு அடியில் யுரேனியம் கலந்த பாறை இருந்தது. ரெடிங் ப்ராங் என்று நிலவியலாளர் குறிக்கும் அந்தப் பாறைத் தொடர் பென்சில்வேனியாவிலிருந்து நியூ ஜெர்சி வழியாக நியூயார்க் மாநிலம் வரை நீள்கிறது. அக்கம்பக்கத்திலும் அளந்தபோது சில வீடுகளில் அளவு மிக அதிகமாக இருந்தது. கூப்பிடு தூரத்திலேயே அளவு மிகக் குறைந்த வீடும் இருந்தது. ரேடான் பற்றி இந்த அவையில் சொல்ல வேண்டிய முதன்மையான செய்தி இதில் அடங்கியிருக்கிறது. ரேடான் ஊருக்கு ஊர் மாறுவதோடு நிற்பதில்லை, வீட்டுக்கு வீடும் மாறுகிறது. நில வரைபடம் வாய்ப்பைத்தான் சொல்லும். ஒரு வீட்டின் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த வீட்டில் அளந்தால்தான் தெரியும்.

ரேடான் எங்கிருந்து வருகிறது? பூமி உருவான நாளிலிருந்து மண்ணிலும் பாறையிலும் சிறிதளவு யுரேனியம் இருக்கிறது. யுரேனியம்-238 இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். அது படிப்படியாகச் சிதைந்து ரேடியம் ஆகிறது. ரேடியம்-226 இன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். ரேடியம் சிதைந்தால் ரேடான்-222. இந்தச் சங்கிலியில் ரேடானுக்கு முன்னும் பின்னும் வரும் எல்லாமே திடப்பொருள்கள். ரேடான் ஒன்றுதான் வாயு. அதுவும் எதனோடும் எளிதில் சேராத மந்த வாயு. அதனால் பிறந்த இடத்தில் சிறைப்பட்டுக் கிடக்காமல் மண்ணின் இடுக்குகள் வழியே நகர்கிறது. அதன் அரை ஆயுள் 3.8 நாள், மண்ணுக்கடியிலிருந்து ஒரு வீட்டின் தரைக்கு வந்து சேர அந்த நேரம் போதும். நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. மூச்சுத் திணறலோ தலைவலியோ தராது. புலன்களால் அறிய வழியே இல்லாத ஒன்று.

சுவாசித்த ரேடானில் பெரும்பகுதி மூச்சோடு வெளியே போய்விடுகிறது. கேடு செய்வது அதன் வாரிசுகள்தான். ரேடான் சிதைந்ததும் பொலோனியம்-218, பிறகு ஈயம்-214, பிஸ்மத்-214, பொலோனியம்-214 என்று அடுத்தடுத்து வருகின்றன; இவை சிதைந்து முடிய நாள்கள் ஆவதில்லை, நிமிடங்கள்தான். திடப்பொருள்களாதலால் காற்றிலுள்ள தூசியிலும் புகையிலும் ஒட்டிக்கொண்டு மூச்சோடு நுழைந்து, மூச்சுக்குழாயின் சுவரில் படிகின்றன. பொலோனியத்தின் இரு வகைகளும் ஆல்ஃபா துகளை உமிழ்கின்றன. ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துவிடும். உடம்பின் மேல்தோலில் உள்ள இறந்த செல்களின் அடுக்கைக்கூட அதனால் தாண்ட முடியாது. மூச்சுக்குழாய்க்குள் அப்படி ஒரு கவசம் கிடையாது. அந்தத் துகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாமல் தன் ஆற்றல் முழுவதையும் கொட்டித் தீர்க்கிறது. அந்தக் குறுகிய தொலைவுக்குள்தான் பிரிந்து பெருகும் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அவற்றின் மரபணு இழைகள் அறுபடுகின்றன. பெரும்பாலும் செல் அதைச் செப்பனிட்டுக்கொள்ளும், அல்லது மடிந்துவிடும். தவறாகச் செப்பனிட்டுக்கொண்டு பிழைத்துவிடும் செல்லிலிருந்து, பல ஆண்டுகள் கழித்து, புற்றுநோய் தொடங்கலாம்.

இந்த அறிவு சுரங்கத் தொழிலாளிகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்றது. ஜெர்மனியின் சாக்ஸனிப் பகுதியில் ஷ்னேபெர்க், எல்லைக்கு அப்பால் இன்றைய செக் குடியரசில் யாஹிமோவ் என்று இரண்டு பழைய சுரங்க ஊர்கள். வெள்ளியும் பிற உலோகங்களும் எடுத்த இடங்கள். சுரங்கத்தில் இறங்கியவர்கள் நெஞ்சு நோயால் இளவயதிலேயே மடிவதை 16ஆம் நூற்றாண்டிலேயே அங்குள்ள மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். யாஹிமோவில் மருத்துவம் பார்த்த அக்ரிகோலா 1556இல் வெளிவந்த தம் சுரங்க நூலில், கார்பாத்திய மலைச் சுரங்கங்களைப் பற்றிச் சொல்லும்போது, ஏழு கணவர்களைப் பறிகொடுத்த பெண்களைக் குறிப்பிடுகிறார். 1879இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரண்டு மருத்துவர்கள் ஷ்னேபெர்க் தொழிலாளிகளின் உடல்களை ஆராய்ந்து, அது நுரையீரலில் வளர்ந்த கட்டி என்று காட்டினார்கள். ரேடான் என்ற தனிமமே அப்போது யாருக்கும் தெரியாது. 1900இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் எர்ன்ஸ்ட் டோர்ன், ரேடியத்திலிருந்து ஒரு வாயு வெளிவருவதைக் கண்டார். மேரி கியூரியும் பியேர் கியூரியும் ரேடியத்தைப் பிரித்தெடுத்தது யாஹிமோவிலிருந்து வந்த தாதுக் கழிவிலிருந்துதான்.

சுரங்கத்தின் நோய்க்கும் அந்த வாயுவுக்கும் உள்ள உறவு 1920களிலிருந்தே பேசப்பட்டது. ஆனால் கணக்கு இடித்தது. ரேடான் வாயு மட்டும் நுரையீரலுக்குத் தரும் கதிர்வீச்சு இவ்வளவு சாவுக்குப் போதாது. 1951இல் வில்லியம் பேல் என்ற அமெரிக்க ஆய்வாளர் விடை சொன்னார். வாயுவை மட்டும் கணக்கிட்டால் போதாது, தூசியில் ஒட்டி நுரையீரலில் தங்கும் அதன் சிதைவுப் பொருள்களையும் கணக்கிட வேண்டும். அந்த ஆண்டுகளில்தான் அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் அணுகுண்டுக்காக யுரேனியம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டியவர்களில் பலர் நவாஹோ பழங்குடியினர். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1950 முதல் அந்தத் தொழிலாளிகளை ஆய்வுக்கு உட்படுத்தியது. காத்திருக்கும் ஆபத்தை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. சுரங்கத்துக்குள் நல்ல காற்றைச் செலுத்தினால் ரேடான் குறையும் என்று ஐரோப்பாவில் தெரிந்திருந்தும், அதைக் கட்டாயமாக்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். 1990இல்தான் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அதற்குள் பல குடும்பங்களில் வாங்க வேண்டியவர் உயிரோடு இல்லை. அறிந்தும் சொல்லாமல் விட்ட அந்தக் காலத்தை மன்னிக்க முடியாது.

சுரங்கத்தில் நடந்தது சரி, வீட்டில் இருக்கும் குறைந்த அளவும் புற்றுநோய் தருமா? வாட்ரஸ் வீடு செய்தியான பிறகு எழுந்த நியாயமான கேள்வி இது. 1988இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் ரேடானைச் சேர்த்தது. அது பெரும்பாலும் சுரங்கச் சான்றுகளை வைத்துத்தான். வீடுகளைப் பற்றிய வலுவான விடை 2005இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் சாரா டார்பி தலைமையிலான குழு, ஐரோப்பாவில் 9 நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்தது. நுரையீரல் புற்றுநோய் வந்தவர்கள் 7,148 பேர். ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்றவர்கள் 14,208 பேர். அவர்கள் பல ஆண்டுகளாக வாழ்ந்த வீடுகளில் ரேடானை அளந்து, புகைப்பழக்கத்தையும் கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள். வீட்டு ரேடான் ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நுரையீரல் புற்றுநோயின் வாய்ப்பு சுமார் 16 விழுக்காடு கூடியது. இதற்குக் கீழே பயமில்லை என்று கோடு கிழிக்கக்கூடிய அளவு எதுவும் தென்படவில்லை.

விழுக்காடு ஏமாற்றும்; எதன்மீது 16 என்று பார்க்க வேண்டும். அதே ஆய்வின் கணக்குப்படி, வாழ்நாளில் புகைக்காத 1,000 பேர் ரேடானே இல்லாத வீட்டில் இருந்தால் 75 வயதுக்குள் 4 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும். வீட்டு ரேடான் 400 ஆனால் 7 பேருக்கு வரும். தொடர்ந்து சிகரெட் புகைக்கும் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ரேடான் இல்லாத வீட்டிலேயே 100 பேருக்கு வரும். 400 பெக்கரல் உள்ள வீட்டில் 160 பேருக்கு. இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிவிடுகின்றன. அதனால் ரேடானால் வரும் நுரையீரல் புற்றுநோயில் பெரும்பகுதி புகைப்பவர்களுக்கே வருகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில், அந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் ரேடான் தொடர்பான நுரையீரல் புற்றுநோயால் இறக்கிறார்கள். அவர்களில் 2,900 பேர் ஒருபோதும் புகைக்காதவர்கள். ரேடான் உள்ள வீட்டில் ஒருவர் சிகரெட்டை நிறுத்தினால் இரு வழியிலும் ஆபத்து குறைகிறது என்பதை மருத்துவர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். புகைக்காதவர்களிடமும் சொல்ல வேண்டியது உண்டு. புகைக்காதவர் என்ற காரணத்தால் நுரையீரல் புற்றுநோயை எதிர்பாராமல் இருப்பவர்களும், தாமதமாகக் கண்டறியப்படுபவர்களும் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள்.

குளிர் நாடுகளில் ஏன் இது பெரிய சிக்கலாகிறது? அங்கே குளிர்காலம் முழுவதும் வீட்டைச் சூடாக்குகிறார்கள். சூடான காற்று மேலே ஏறி மாடி வழியே கசிந்து வெளியேறுகிறது. அதனால் தரைத்தளத்தில் காற்றழுத்தம் சற்றுக் குறைகிறது. மண்ணுக்குள் இருக்கும் காற்றை வீடு, இளநீரில் குழாய் வைத்து உறிஞ்சுவது போல உறிஞ்சிக்கொள்கிறது. காங்கிரீட் தளத்தின் விரிசல், சுவரும் தளமும் சேரும் இடம், தண்ணீர்க் குழாய் நுழையும் துளை, நிலவறையின் வடிகால் குழி எல்லாமே வழிகள்தான். ஜன்னல்கள் அடைத்துக் கிடப்பதால் வந்தது வெளியேறுவதில்லை. எரிபொருளை மிச்சப்படுத்த இடுக்குகளை இறுக அடைத்துப் புதுப்பித்த வீடுகளில் ரேடான் கூடிவிடுவதும் உண்டு. இரவில் கூடும், பகலில் குறையும். மழை, காற்று, பருவம் எல்லாம் பாதிக்கும். ஆகவே ஒரே நாளில் எடுத்த அளவை வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது.

எல்லா வீட்டிலும் காரணம் தரைக்கடியில்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. சுவீடனில் 1929 முதல் 1975 வரை, யுரேனியம் செறிந்த ஒருவகைக் களிப்பாறையிலிருந்து இலேசான காங்கிரீட் கற்கள் செய்தார்கள். நீல நிறம் தட்டிய அந்தக் கற்களில் ஏராளமான வீடுகள் எழுந்தன. அங்கே சுவரே ரேடானை விடுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்து வந்து குளியலறையில் வெளிப்படுவதும் உண்டு. அதன் பங்கு பொதுவாகச் சிறியது. இங்கிலாந்தின் கார்ன்வால், டெவன் மாவட்டங்களில் கருங்கல் நிலம்தான் காரணம். வீடு வாங்கும்போது ரேடான் அளவைக் கேட்பது அங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில் காசில்ஐலண்ட் என்ற சிற்றூர். 2003இல் அங்கே ஒரு வீட்டில் அளந்தபோது 49,000 பெக்கரல் வந்தது. அந்நாட்டில் நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு 200. அந்தக் குடும்பம் அதுவரை சாதாரணமாகச் சமைத்து, உறங்கி, விருந்தினரை வரவேற்று வாழ்ந்திருந்த வீடு அது.

இவ்வளவு கேட்டபின் அச்சம் வருவது இயல்பு. ஆனால் ரேடானைப் போக்குவது எளிது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். தளத்தில் ஒரு துளையிட்டு, அடியிலுள்ள சரளைக்குள் குழாயை இறக்கி, அந்தக் குழாயில் விசிறி பொருத்தி வெளியே விடுவார்கள். விசிறி இடைவிடாமல் சுழலும். தளத்துக்கு அடியில் அழுத்தம் வீட்டுக்குள் இருப்பதைவிடக் குறைந்துவிடுவதால், மண்ணின் காற்று வீட்டுக்குள் வர வழியின்றி குழாய் வழியே திறந்தவெளிக்குப் போய்க் கலைந்துவிடும். விசிறிக்கு ஆகும் மின்சாரம் ஒரு பழைய குண்டு பல்புக்கு ஆவதை ஒத்தது. நன்றாக அமைத்தால் வீட்டு ரேடான் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். வெறுமனே விரிசல்களை அடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அடைப்பது உதவும், தனியாக அது போதாது. ஜன்னலைத் திறந்து வைப்பது அன்றைய பொழுதுக்கு மட்டுமே.

தமிழ்நாட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. அதில் இருப்பது முக்கியமாகத் தோரியம். தோரியத்திலிருந்து வரும் ரேடான் வகைக்குத் தோரான் என்று பெயர். அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பெரும்பகுதி மண்ணைவிட்டு வெளியேறும் முன்பே சிதைந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் ஜன்னல் திறந்திருக்கும், நிலவறை இல்லாத நம் வீடுகளில் ரேடான் தேங்க வாய்ப்பு குறைவு. இந்த ஊர்களுக்காக வேறு காற்றைப் பற்றிப் பேச வேண்டும்: விறகடுப்பின் புகை, கொசுவர்த்தியின் புகை, வீட்டுக்குள் பிடிக்கும் பீடி. இந்த உரை அதற்குள் போகவில்லை.

ரேடான் தமிழர்களை நேராகத் தொடும் நாடு கனடா. அங்குள்ள சுகாதாரத் துறை 2007இல் வழிகாட்டு அளவை 800இலிருந்து 200 பெக்கரலாகக் குறைத்தது. பிறகு நாடு முழுவதும் ஏறத்தாழ 14,000 வீடுகளில் அளந்து 2012இல் முடிவை வெளியிட்டது. மக்களில் 6.9 விழுக்காட்டினர் 200க்கு மேல் ரேடான் உள்ள வீடுகளில் வாழ்கிறார்கள் என்று தெரிந்தது. அந்நாட்டின் நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகளில் சுமார் 16 விழுக்காடு ரேடானால் என்பது அத்துறையின் மதிப்பீடு. டொரன்டோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் பேஸ்மென்ட் எனும் நிலவறை தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கையோடு ஒட்டியது. போரின் காலத்தில் ஈழத்திலிருந்து போய்ச் சேர்ந்த பலருக்கு முதல் வாடகை வீடு அதுதான். இப்போது சொந்த வீடு வாங்கியவர்கள், ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவுக்கு அங்கே அறை போடுகிறார்கள், பிள்ளைகளுக்கு விளையாட இடம் ஒதுக்குகிறார்கள், வீட்டிலிருந்தே வேலை செய்யும் மேசையையும் அங்கேதான் வைக்கிறார்கள். மண்ணுக்கு மிக அருகில் இருக்கும், காற்று மிகக் குறைவாக ஓடும் தளம் அது. அதில் அதிக நேரம் இருப்பவர்கள் முதியோரும் குழந்தைகளும் புதிதாக வந்தவர்களும்.

அளக்கும் முறை எளிது. கைக்குள் அடங்கும் சிறு பிளாஸ்டிக் கருவி. உள்ளே இருக்கும் தகட்டில் ஆல்ஃபா துகள்கள் தடம் பதிக்கும். ஆய்வகத்தில் அந்தத் தடங்களை எண்ணி அளவு சொல்வார்கள். ஆள்கள் நாளொன்றுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் இருக்கும் தளங்களில் மிகக் கீழே உள்ளதில், மூச்சு விடும் உயரத்தில், அடுக்களைக்கும் குளியலறைக்கும் தள்ளி வைக்க வேண்டும். குறைந்தது 3 மாதம், அதுவும் வீட்டை அடைத்து வைத்திருக்கும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில். கருவியோடு ஆய்வகக் கட்டணமும் சேர்ந்து சில பத்து டாலர்கள்தான். 200க்கும் 600க்கும் இடையில் வந்தால் 2 ஆண்டுக்குள்ளும், 600ஐத் தாண்டினால் ஓராண்டுக்குள்ளும் சீர்செய்யச் சொல்கிறது கனடாவின் வழிகாட்டல். குழாயும் விசிறியும் பொருத்தச் சில ஆயிரம் டாலர்கள் ஆகும். கூரை மாற்றவும் சமையலறையைப் புதுப்பிக்கவும் அதைவிடப் பல மடங்கு செலவழிக்கும் குடும்பங்களுக்கு இது எட்டாத தொகை இல்லை.

சிக்கல் வாடகைக்கு இருப்பவர்களுக்கு. தளத்தில் துளையிட அவர்களுக்கு உரிமை கிடையாது. அளந்து சொன்னால் வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்ற தயக்கமும் இருக்கும். வீட்டுக்காரரும் தமிழர், குடியிருப்பவரும் தமிழர் என்ற நிலையில் அந்தத் தயக்கம் இன்னும் கூடும். கோயில்களும் ஊர்ச் சங்கங்களும் தமிழ் வானொலிகளும் இதை எடுத்துப் பேசினால் அது தனி மனிதர் சொல்லும் புகாராக இராது. கனடாவில் சில பொது நூலகங்கள், ரேடானை எண்ணில் காட்டும் மின்னணுக் கருவியைப் புத்தகம் போலவே இரவல் தருகின்றன. சில வாரங்கள் வைத்துப் பார்த்து, எண் கூடுதலாகத் தெரிந்தால் 3 மாத அளவீட்டுக்குப் போகலாம். ஒன்டாரியோவில் புதிதாகக் கட்டிய வீடு வாங்கியவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. டேரியன் என்ற புது வீட்டு உத்தரவாதத் திட்டத்தில், ரேடான் 200ஐத் தாண்டியதாக உறுதிப்பட்டால் அதைச் சீர்செய்வதும் அடங்கும். அந்த உத்தரவாதம் 7 ஆண்டுகளுக்கு. கோர வேண்டியவர், அந்த 7 ஆண்டுகளுக்குள் ஒரு குளிர்காலத்தில் தம் வீட்டை அளந்து முடிவைக் கையில் வைத்திருக்க வேண்டும்.